பதுக்கை

தமிழில் எம்.ஏ. முடித்த கையோடு எனக்குக் கல்யாணம் ஆயிற்று. இண்டூர்ப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பம். வேலைக்கு அனுப்புவதாகச் சொல்லித்தான் பெண் கேட்டார்கள். வந்த பிறகு அந்தப் பேச்சே எழவில்லை. தருமபுரிக்குத் தனியாக பஸ் ஏறக்கூட அனுமதி கிடையாது.

எங்கள் கொல்லை மேட்டில் பாதி மண்ணில் புதைந்த ஒரு கல்லறை இருக்கிறது. நான்கு பக்கமும் பலகைக் கற்கள், மேலே ஒரு மூடுகல், கிழக்குக் கல்லில் வட்டமாக ஒரு துளை. ஊரில் பாண்டவர் வூடு என்பார்கள். இதன் பழைய பெயர் பதுக்கை என்று வகுப்பில் படித்திருந்தேன்.

ஒரு மாசி மத்தியானம் ஆட்டுக்குட்டி ஒன்று துளைக்குள் புகுந்துவிட்டது. நுழைந்து பிடித்து வெளியே தள்ளினேன். நான் வெளியேறப் பார்த்தபோது தலையும் கையும் வந்தன; இடுப்பு வரவில்லை. பின்வாங்கி உள்ளே உட்கார்ந்தேன். நிமிர இடமில்லை. கத்திப் பார்த்தேன், பக்கத்துக் கொல்லையில் டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது.

பதுக்கு என்றால் ஒளித்து வை. அதிலிருந்து பதுக்கை. இறந்தவரை நரி தோண்டாமல் கல்லால் மூடி மறைத்த இடம். பரீட்சையில் இதை எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான்.

வெகுநேரம் கழித்து மாமியாரின் முகம் துளையில் தெரிந்தது.

"ஏம்மா, உள்ள என்ன பண்ற?"

"குட்டியப் பிடிக்க வந்தனுங்க அத்தே. வெளிய வர முடியலீங்க."

அவர் பதறவில்லை. "பொடவைய அவுத்து வெளிய போடு. ஒருக்களிச்சுப் படுத்துக்க. எடது தோளு மொதல்ல வரட்டும்."

அப்படியே வந்தேன்.

"இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் அத்தே?"

புடவையிலிருந்த மண்ணை உதறிக்கொண்டே சொன்னார்: "உங்க மாமா குடிச்சிட்டு அடிக்க வந்தா, இதுக்குள்ளதான் ஒளிஞ்சுக்குவேன். அவருக்குத் தோளு அகலம், நொழைய முடியாது."

இறந்துபோன மாமாவைப் பற்றி அதுவரை அவர் ஒரு குறையும் சொன்னதில்லை. பதுக்கை என்ற சொல்லின் பொருளை அவரிடம் சொன்னேன்.

"செத்தவங்களுக்கா?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது மாதத்துக்கு ஒருமுறை அவருக்கு முழங்கால் வலி வருகிறது. தருமபுரி ஆஸ்பத்திரிக்குத் துணையாக நான் போகிறேன். அவர் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்துகொள்வார். நான் நூலகத்தில் இரண்டு மணி நேரம் படிப்பேன். கணவர் வீடு திரும்பும் முன் இருவரும் வந்துவிடுவோம்.