மூட்டை அட்டைக்கு ஒரு ஜாவா

நீடாமங்கலம் கடைத்தெருவில் துரைராசுவின் விதைக்கடையில் அறிவுமதி வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. அவள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள்தான். படித்தது கணினி அறிவியல். விதைநெல் மூட்டைகளுக்கு அட்டை அச்சிடுவது அவள் வேலை. ரகம், குவியல் எண், முளைப்புத்திறன் எல்லாம் அதில் இருக்க வேண்டும். அட்டை இல்லாத மூட்டை கடைவாசலைத் தாண்டக்கூடாது.

பழைய கணினி முந்தின நாள் படுத்துவிட்டது. மாற்றாக வந்ததில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் இருந்தது. அட்டை அச்சிடும் நிரலோ ஜாவா என்ற மென்பொருள் இருந்தால்தான் ஓடும். விதை மூட்டைகளோடு திருவிடைமருதூர் வண்டி மதியம் கிளம்புகிறது. ஜாவாவைக் கணினியில் தானே ஏற்றிவிடுவதாகத் துரைராசுவிடம் சொல்லிவிட்டாள்.

"பதினொன்னு வரைக்கும் பாரும்மா. கும்பகோணத்துல மெக்கானிக்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். ஆகலைன்னா இனிமே கம்ப்யூட்டர் வேலைய அவரே பாக்கட்டும், நீ மூட்டை எண்ணு," என்றார் அவர்.

ஜாவாவைப் பற்றி அவள் பதினாறு மதிப்பெண் விடை எழுதியிருக்கிறாள். ஆனால் அதை ஏற்றியதில்லை. ஆய்வகத்தில் யாரோ ஏற்றி வைத்திருந்தார்கள். எந்த ஜாவா என்று எந்தத் தேர்விலும் கேட்டதில்லை.

லினக்ஸ் கேட்டது. கறுப்புத் திரையில் ஜாவா என்று தட்டியதும், இவற்றில் ஒன்றை ஏற்றலாம் என்று ஒரு பட்டியல் விழுந்தது. பதிப்பு எட்டு, பதினொன்று, பதினேழு; ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று வகை. நிரலோடு வந்த குறிப்பில் பதினேழு என்றிருந்தது. வகையில்தான் தடுமாறினாள். கைப்பேசி டேட்டாவில்தான் இறக்க வேண்டும், அதுவும் கொஞ்சம்தான் மிச்சம். இருப்பதிலேயே சிறியதை எடுத்தாள். பெயரின் கடைசியில் ஹெட்லெஸ் என்று ஒட்டியிருந்தது.

ஏறிவிட்டது. பதிப்பு எண்ணைக் கேட்டால் சரியாகச் சொன்னது. நிரலைத் திறந்தால் மட்டும் திரையில் அதன் ஜன்னல் வரவில்லை. வரிசையாகப் பிழைச் செய்தி ஓடியது.

மூட்டை தைக்கும் ராசம்மாள் எட்டிப் பார்த்தாள். "என்ன புள்ள, டிகிரி வேலை செய்யலையா?"

அறிவுமதிக்குச் சுருக்கென்றது. அவளும் அதையேதான் தன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். "இருங்கக்கா, என்னமோ சொல்லுது, படிச்சுப் பாக்குறேன்."

கல்லூரியில் பிழை வந்தால் அழித்துவிட்டு மறுபடி தட்டுவாள்; படித்ததே இல்லை. இன்று படித்தாள். முதல் வரியிலேயே அந்த ஹெட்லெஸ் நின்றது. தேடியதில் விளங்கியது: திரையே இல்லாமல் எங்கோ ஓர் அறையில் ஓடும் கணினிகளுக்கானது அது. ஜன்னல் வரையும் பகுதி இல்லாததால்தான் சிறியது. திரையில்லாத கணினியா? அதன் எதிரே யார் உட்காருவார்கள்? அந்த யோசனையில் ஐந்து நிமிடம் போயிற்று.

மணி பத்து ஐம்பது. பழைய கட்டளையை வரவழைத்து, கடைசியில் இருந்த ஹெட்லெஸ்ஸை மட்டும் அழித்து, என்டரைத் தட்டினாள். டேட்டா எவ்வளவு மிச்சம் என்று பார்க்கப் பயந்து பார்க்கவில்லை. நல்லவேளை, போதுமானதாக இருந்தது.

ஜன்னல் திறந்தது. அச்சாகி வந்த முதல் அட்டையைத் துரைராசு வாங்கி, குவியல் எண்ணை ஒப்பிட்டுப் பார்த்தார். என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"சின்னதா இருக்கேன்னு தப்பானத எடுத்துட்டேன் சார்."

அவர் கும்பகோணத்துக்குப் போன் போட்டு, "வர வேணாம்ப்பா, இங்கயே ஆள் இருக்கு," என்றார். ராசம்மாள் அட்டையை மூட்டை வாயில் வைத்துத் தைக்கத் தொடங்கினாள்.