பெண்கள் வரிசையில் ஏழாவது ஆள்

திண்டிவனம் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் எனக்குக் கூட்டித் துடைக்கிற வேலை. ஐந்தாவது வரை படித்தேன். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். இங்கிலீஷ் தெரியாது. எங்கே டிக் அடித்துக் கொடுக்கிறார்களோ அங்கே கையெழுத்துப் போடுவேன்.

என் மகள் பி.காம். முடித்துவிட்டு விழுப்புரத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் இருந்தாள். தினமும் பஸ்ஸில் போய் வருவாள். பெரிய எம்.பி.ஏ. காலேஜில் சேர வேண்டும், அதற்கு ஒரு பரீட்சை. ஒரு தடவை எழுதிக் கொஞ்சத்தில் போய்விட்டது. இரண்டாவது தடவையும் போனால் விட்டுவிடுகிறேன் என்று அவள் அப்பாவிடம் ஒப்புக்கொண்டிருந்தாள்.

பரீட்சை மூன்று பாகம். ஒவ்வொன்றும் நாற்பது நிமிஷம். ஒன்று முடிந்தால் அதற்குத் திரும்பிப் போக முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் வீட்டில் எழுதிப் பழகுவாள். நான் செல்போனில் நேரம் பார்ப்பேன். கணக்கு எனக்குப் புரியாது. நாற்பது நிமிஷம் புரியும். அது முடிகிறவரை மிக்ஸி போட மாட்டேன், குழாயைத் திறக்க மாட்டேன்.

"டைம் ஆச்சி. கைய எடு."

"ஒண்ணே ஒண்ணும்மா."

"அங்க கம்ப்யூட்டரு ஒனக்காக நிக்குமா? எடுடி."

ஹால் டிக்கெட் வந்தது. பார்த்தால் எங்கள் காலேஜ்தான் சென்டர். நான் கூட்டுகிற கம்ப்யூட்டர் லேப்பிலேயே அவள் எழுதப் போகிறாள். எனக்குச் சந்தோஷம். கூட வேலை செய்கிறவர்களிடம் சொன்னேன். தெருவில் சொன்னேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம்கூடச் சொன்னேன்.

பரீட்சைக்கு இரண்டு நாள் முன்னால் சூப்பர்வைசர் எங்களில் நாலு பேரைக் கூப்பிட்டார். எழுத வருகிற பெண்களைச் சோதித்து உள்ளே விடப் பெண் ஆள் வேண்டுமாம். ஒரு இங்கிலீஷ் பேப்பரை நீட்டினார். டிக் அடித்திருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அன்றைக்குக் காலையில் ஆறு மணிக்கே எங்களை வரச் சொல்லிவிட்டார்கள். மகள் பின்னால் ஷேர் ஆட்டோவில் வருவதாக ஏற்பாடு. உள்ளே போனதும் எங்கள் செல்போன்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பரீட்சை நடத்துகிற கம்பெனியிலிருந்து ஒரு தம்பி வந்திருந்தான். வயது இருபத்தைந்து இருக்கும். கம்மல், செயின் எதுவும் கூடாது, கையால் தடவிப் பார்க்க வேண்டும், அப்புறம் பீப் அடிக்கிற மிஷினை வைத்துப் பார்க்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தான். கடைசியாக ஒன்று சொன்னான்.

"அன்னிக்கி பேப்பர்ல கையெழுத்துப் போட்டீங்கள்ல? உங்க வீட்டாளுங்க, சொந்தக்காரங்க யாரும் இந்த சென்டர்ல எழுதலன்னு. அப்படி யாராச்சும் இருக்காங்களா?"

மற்ற மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு தரையைப் பார்த்தார்கள். எங்கள் தெருக்காரி ஒருத்தி பக்கத்தில் நின்றாள். என் கையைக் கிள்ளினாள். "கம்முனு கெடமே" என்றாள், உதடு அசையாமல்.

நான் கம்மென்று இருந்தேன்.

கேட்டைத் திறந்தார்கள். பெண்கள் தனி வரிசை. மிஷினைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். முதல் பெண் வந்தாள், இரண்டாவது வந்தாள். எட்டிப் பார்த்தேன். மஞ்சள் சுடிதாரில் என் மகள். எண்ணினேன். ஏழாவது ஆள். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

மூன்றாவது பெண்ணைச் சோதிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. இவளை நான் எப்படித் தடவிப் பார்த்து விடுவது? ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். நாளைக்கு எவளாவது வாயைத் திறந்தால் அம்மாவும் மகளும் பேசி வைத்துக்கொண்டு செய்தார்கள் என்று ஆகும். என் வேலை போனால் போகட்டும். அவள் எழுதினதே செல்லாது என்றுவிட்டால்?

மிஷினைத் தெருக்காரியிடம் கொடுத்துவிட்டு அந்தத் தம்பியிடம் போனேன்.

"தம்பி, அந்த மஞ்ச சுடிதாரு என் பொண்ணு."

"பொண்ணுன்னா?"

"நான் பெத்த பொண்ணு."

அவன் முகம் வெளுத்துவிட்டது. "கேட்டப்ப வாயில இன்னா கொழுக்கட்டையா ஆயாம்மா?"

"இப்ப சொல்றன்."

"இப்ப சொன்னா நான் மேல எழுதணும். அவங்க நம்பரையும் சேத்து எழுதணும். ரிசல்ட்ட நிறுத்தினாலும் நிறுத்துவாங்க." குரலைத் தணித்தான். "போய் வேற பக்கம் நில்லுங்க. நீங்க சொல்லல, நான் கேக்கல."

நல்ல பிள்ளைதான். எனக்கு ஒரு வழி விட்டான். ஆனால் நான் ஊரெல்லாம் சொன்னதை அவன் அழிக்க முடியாது.

"எழுதிக்கப்பா" என்றேன்.

எழுதினான். கையெழுத்து வாங்கினான். செக்யூரிட்டியைக் கூப்பிட்டு என்னைக் கேட்டுக்கு வெளியே விடச் சொன்னான். வெளியே போக ஒரே வழி. பெண்கள் வரிசையை ஒட்டித்தான் போக வேண்டும். முன்னால் செக்யூரிட்டி, பின்னால் நான். மகளைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பார்த்தால் ஏதாவது கேட்பாள், நாலு பேர் திரும்புவார்கள், அவள் மனசு கெடும் என்று நினைத்தேன்.

எதிரே பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தேன். வெயில் ஏறியது. எட்டரைக்கு ஆரம்பம் என்று தெரியும். கையில் போன் இல்லை. டீக்கடைக்காரரிடம் மணி கேட்டுக்கொண்டே இருந்தேன். நாலாவது தடவை அவர், "இன்னாம்மா, பிரசவத்துக்கா விட்டுட்டு வந்திருக்க?" என்றார்.

பத்தே முக்காலுக்கு வெளியே வந்தாள். பஸ் ஏறினோம். இரண்டு ஸ்டாப் போன பிறகு கேட்டாள்.

"இன்னாம்மா எடுத்த?"

"இன்னாத்த எடுத்தன்?"

"கம்மலா, செயினா?"

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. கழற்றி வைத்த நகையில் நான் கை வைத்துவிட்டேன், பிடித்து வெளியே தள்ளிவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறாள். நடந்ததைச் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"மொத பாகத்துல பத்து நிமிஷம் எனக்கு ஒண்ணுமே கண்ணுக்குத் தெரியலம்மா. எழுத்தா வருது. படிக்க முடியல."

"என்னத் திருடின்னு நெனச்சியா நீ?"

"செக்யூரிட்டி இட்டுக்கினு போறான். நீ மூஞ்சத் திருப்பிக்கினு போற. வேற இன்னா நெனைப்பாங்க?"

அதற்கப்புறம் வீட்டில் சாப்பிடு, போய்ட்டு வரேன், அவ்வளவுதான் பேச்சு. என் மேல் அவளுக்குக் கோபம். அவள் மேல் எனக்கு. ரிசல்ட்டை நிறுத்திவிடுவார்களோ என்ற பயம் மட்டும் இரண்டு பேருக்கும் பொது. அதையும் பேசிக்கொள்ளவில்லை. காலேஜில் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாளிலிருந்து லேப்புக்குப் பதில் கழிவறைப் பக்கம் போட்டார்கள்.

ரிசல்ட் வந்த அன்று ஆபீசிலிருந்து போன் பண்ணினாள். "நிறுத்தலம்மா. வந்திருக்கு" என்று வைத்துவிட்டாள். சாயந்திரம்தான் மீதி தெரிந்தது. இரண்டாவது, மூன்றாவது பாகத்தில் நல்ல மார்க். முதல் பாகத்தில் குறைவு. அவள் ஆசைப்பட்ட காலேஜ் ஒன்றும் கூப்பிடவில்லை. சென்னையில் ஒன்று மட்டும் கூப்பிட்டது. எட்டு பேரை உட்கார வைத்து ஒரு விஷயம் கொடுத்துப் பேசச் சொல்வார்களாம். பிறகு ஒவ்வொருவராகக் கேள்வி.

பேசிப் பழக ஆள் வேண்டும். ஆளில்லை. அவள் அப்பா விக்கிரவாண்டி டோல்கேட் பக்கம் ஒரு ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். லீவில் வந்திருந்தார். அவரை உட்கார வைத்தாள். தெருக்காரியைக் கூப்பிட்டாள். என்னையும் உட்காரச் சொன்னாள்.

"நான் இங்கிலீஷ்ல பேசுவன். நீங்க தமிழ்ல பேசுங்க. என்னப் பேச உடாதீங்க. பதினஞ்சி நிமிஷம் யாரும் எழுந்துக்கக் கூடாது. ஓட்டல்ல ஆளுக்குப் பதிலா மிஷின் வரலாமா? அதான் டாபிக்."

"இன்னாத்துக்கு வரணும்?" அவர் ஆரம்பித்துவிட்டார். "மிஷின் பரோட்டா அடிச்சா நான் வாசல்ல நின்னு வண்டிக்குக் கை காட்டவா?"

"நீ அடிக்கிறதுக்கு மிஷினே தேவலாம்ணா. ஒன்னுது தோல் மாரி இருக்கு" என்றாள் தெருக்காரி.

நடுவில் மகள் இங்கிலீஷில் நுழைந்தாள். அவர் குரலை உயர்த்தி அவளை அமுக்கினார். மறுபடி நுழைந்தாள். நான் நேரம் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீயும் பேசும்மா" என்றாள்.

"எனக்கு இன்னா தெரியும்?"

"அன்னிக்கி மட்டும் பேசத் தெரிஞ்சிதே."

தெருக்காரி எழுந்திருக்கப் பார்த்தாள். பதினைந்து நிமிஷம் ஆகவில்லை. உட்கார்ந்துவிட்டாள்.

"பேசுனது தப்பில்ல" என்றேன். "சொல்லாம உட்டிருந்தா ரிசல்ட்டு வந்தும் பயந்துகினேதான் இருந்திருப்ப. இந்த எடத்துல உக்காந்து மிஷின் பத்திப் பேசிகினு இருக்க மாட்ட."

"சொன்னதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. போறப்ப ஒரு தபா என்னப் பாத்திருக்கலாம்ல? ஒரே ஒரு தபா."

"பாத்திருக்கணும்" என்றேன்.

"இன்னும் எவ்ளோ நேரம் கீது?" என்றார் அவள் அப்பா.

"ஆறு நிமிஷம்" என்றேன். மறுபடி பரோட்டாவுக்குப் போனார்கள்.

சென்னைக்கு நானும் கூடப் போனேன். வெளியே மரத்தடியில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போனாள். திரும்பி வர மூன்று மணி ஆகிவிட்டது. வந்ததும் தண்ணீர் குடித்தாள்.

"ஏழு பேரும் ஒரே நேரத்துல கத்துறாங்கம்மா. அப்பாவே பரவால்ல. மூணு தபா நுழைஞ்சிட்டன்."

"அப்பறம்?"

"தனியா கூப்ட்டாங்க. ரெண்டு பாகம் நல்லா பண்ணியிருக்க, இந்த ஒண்ணு ஏன் கொறைஞ்சிதுன்னு கேட்டாங்க."

"இன்னா சொன்ன?"

பாட்டிலை மூடினாள். "எங்கம்மாவப் பத்தி பத்து நிமிஷம் தப்பா நெனச்சிகினு உக்காந்திருந்தன்னு சொன்னன். எப்படின்னு கேட்டாங்க. எல்லாத்தையும் சொன்னன்."

"சிரிச்சாங்களா?"

"ஒருத்தரு சிரிச்சாரு. ஒருத்தரு எழுதிக்கினாரு."

"இன்னா எழுதுனாரு?"

"தெரியலம்மா. வா, பஸ்ஸப் புடிப்போம்."

சில வாரம் கழித்து முதல் பட்டியல் வந்தது. அதில் அவள் பெயர் இல்லை. இரண்டாவதில் இருந்தது. இப்போது அங்கேதான் படிக்கிறாள்.