நாட்டுப்பாட்டு என்று நான் எழுதிக் கொடுத்த சீட்டு

ஒரு பெண் கட்டிய பாட்டை, கட்டியவர் யாரென்றே தெரியாது என்று நான் எழுதிக் கொடுத்தேன். எனக்குத் தெரியும். அவர் அதைக் கட்டியபோது நான் ஐந்தடி தூரத்தில் இருந்தேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. அம்பத்தூரில், கள்ளிக்குப்பத்துப் பக்கம், வரிசையாகச் சில வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. டிப்ளமா முடித்த கையோடு அங்கே மேற்பார்வைக்குப் போயிருந்தேன். பள்ளியில் இலக்கணத்துக்குப் பரிசு வாங்கியவன் என்ற நினைப்பு வேறு. மொட்டைமாடித் தளத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்புவார்கள். பெண்கள் வரிசையாகக் குந்தி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். எல்லாக் கட்டையும் ஒன்றாக விழுவதற்குப் பாட்டு வேண்டும். வரிசையின் தலையில் இருந்த அக்கா முதலடி எடுப்பார். மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். பாட்டெல்லாம் அவரே கட்டியது.

"நீ ஊடு கட்டு சார், நான் பாட்டு கட்றேன். எது ஒழுவுதுன்னு மழை வந்தா பாக்கலாம்" என்பார்.

ஒரு காலை நான் ஏணியில் முக்கால்வாசி ஏறியபோது ஏணி ஆடியது. மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் இறங்க முடியவில்லை. வெள்ளைச் சட்டை, ஒல்லி உடம்பு, நீளக் கழுத்து. கட்டை ஓயாமலே அக்காவின் வாயில் பாட்டு வந்துவிட்டது:

ஏரிக்கரை ஓரத்துல ஊடு கட்றோம்
ஊட்டுக்காரி வந்து பாக்க மாட்டாளோ
ஏணி மேல கொக்கு ஒண்ணு நிக்கிது
எறங்க வழி தெரியாம முழிக்கிது

தளமே அதிரச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஆனால் மெட்டு என்னை விடவில்லை.

என்னோடு படித்த நண்பன் ஒருவன் ராக் இசைக்குழு வைத்திருந்தான். தோள்வரை முடி, தரையைப் பெருக்கும் பெல்பாட்டம், இரவல் கிதார். இங்கிலீஷ் பாட்டு எடுத்தால் அம்பத்தூரில் பாதிக் கூட்டம் டீ குடிக்கப் போய்விடுகிறது என்று புலம்பினான். "மச்சான், மண்ணு வாசனையா எதுனா இருந்தா குடேன்."

கொடுத்தேன். கொக்கு வரும் இரண்டடியை விட்டுவிட்டேன். 'ஊடு' என்பதை 'வீடு' என்று திருத்தினேன். யார் எழுதியது என்று கேட்டான். என்னிடம் வேலை செய்யும் பெண் போன மாதம் கட்டினார் என்றால் பாட்டின் மதிப்பு குறைந்துவிடும் என்று தோன்றியது. விசாரித்தால் கொக்கும் வெளியே வரும். 'பழைய நாட்டுப்பாடல், இயற்றியவர் தெரியவில்லை' என்று ஒரு சீட்டில் அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.

பொங்கல் விழா மேடையில் அந்தச் சீட்டை அப்படியே படித்துவிட்டுப் பாடினார்கள். டிரம்ஸுக்கும் கிதாருக்கும் கூட்டம் ஆடித் தீர்த்தது. தளம் அடிக்கும் எங்கள் பெண்களும் வந்திருந்தார்கள்.

மறுநாள் தளத்தில் அக்கா அதே பாட்டின் முதலடியை எடுத்ததும், வரிசையில் ஒரு பெண் கட்டையை நிறுத்தினாள். "இன்னாக்கா, அது நாட்டுப்பாட்டாமே. நீ கட்டுனேன்னு சொல்லிக்கினு கீற? கொக்கு மட்டுந்தான் உன்னுதா?"

"அப்ப மத்ததெல்லாம் எங்கேருந்து சுட்டதோ" என்றாள் இன்னொருத்தி.

அக்கா என்னைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ரசமட்டத்தை எடுத்துத் தளத்தில் வைத்து, குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்க்கத் தொடங்கினேன். அன்றிலிருந்து முதலடி இன்னொருவரிடம் போனது. அக்கா வரிசையின் நடுவில் உட்கார்ந்து, வாய் திறக்காமல் அடித்தார். இருபது வருஷமாகக் கட்டிய பாட்டெல்லாம் திருட்டாகிவிட்டது.

மூன்று வாரம் தாக்குப்பிடித்தேன். ஆவடியில் ஒரு குடியிருப்பு விழாவில் அந்தக் குழு மறுபடி பாடப்போவதாகத் தெரிந்ததும் நண்பனிடம் போய் உண்மையைச் சொன்னேன். "நாட்டுப்பாட்டுன்னு எழுதிக் குடுத்தது நீதானே மச்சான்? அப்ப யாரு அந்தக் கொக்கு?" என்றான். சொன்னேன். கிதாரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

எங்கள் பெண்கள் அத்தனை பேரையும் ஞாயிற்றுக்கிழமை மாலை வேனில் ஆவடிக்கு அழைத்துப் போனேன். மேடையேறி, அக்காவின் பெயரைச் சொல்லி, பாட்டு அவருடையது, பொய் என்னுடையது, கொக்கும் நான்தான் என்றேன். பிறகு நான்கு அடியையும், 'ஊடு' ஊடாகவே, குழுவினர் பாடினார்கள். கொக்கு வந்த இடத்தில் கூட்டம் என்னைப் பார்த்து விசிலடித்தது. முதலில் கேலி பேசிய பெண் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். அக்கா தலையை மட்டும் ஆட்டினார்.

திங்கட்கிழமை அவர் மீண்டும் வரிசையின் தலையில் இருந்தார். கீழே நிற்கும்போதே புதிய பாட்டு ஒன்று காதில் விழுந்தது. ஆசையாக மேலே ஏறினேன். என் தலை தெரிந்ததும் பாட்டு நின்றது.

"ஒண்ணு," என்றார் அக்கா. கட்டைகள் விழுந்தன. "ரெண்டு."

"பாட்டு என்னாச்சுக்கா?" என்று கேட்டேன்.

"கணக்குதான் சார். இது மெய்யாலுமே நாட்டோடது. எவ்ளோ வேணுமோ எழுதிக்கினு போ" என்று சொல்லிவிட்டு, மூன்று என்றார்.