குடிக்கிற தண்ணி

என்னிடம் படிக்கும் பிள்ளைகள் ஊர்களில் இருந்து தண்ணீர் மாதிரி எடுத்து வந்தால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "பாட்டிலை யார் ரொப்புனது?" "நாந்தான் மேடம்" என்று பதில் வர வேண்டும். "அங்க இருந்த ஒரு அண்ணன்", "அந்த வூட்டு அக்கா" என்று யாராவது இழுத்தால், அவர்கள் கண்ணெதிரிலேயே வாஷ்பேசினில் கவிழ்த்துவிடுவேன். ராங்கிக்காரி என்று முதுகுக்குப் பின்னால் சொல்கிறார்கள். சொல்லட்டும். காரணத்தை இதுவரை வகுப்பில் சொன்னதில்லை, இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் படித்தது தொலையுணர்வும் நிலவரைபடமும். செயற்கைக்கோள் எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் விரித்துவைத்து, எது பாறை, எது ஏரி, எது வயல் என்று நிறம் பிரிக்கிற படிப்பு. கம்பைநல்லூரில் எங்கள் தெருவில் ஒருத்தருக்கும் அது விளங்கவில்லை. "மேப்பு போடற படிப்பு" என்று அம்மா சுருக்கிச் சொல்லி எல்லோர் வாயையும் அடைத்துவிட்டாள். எம்.எஸ்சி. கடைசி வருஷத்தில், மாணவர் ஆய்வு விருது ஒன்றுக்கு எங்கள் துறையிலிருந்து ஒரு ஆய்வை அனுப்பலாம் என்று அறிவிப்பு வந்தது. அது என் ஆய்வாகத்தான் இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அவ்வளவு திமிர்.

எடுத்துக்கொண்ட விஷயம் ஃப்ளோரைடு. எங்கள் தர்மபுரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாறையில் இருந்து போர்வெல் தண்ணீரில் கரைந்து வரும். அதைக் குடித்து வளரும் பிள்ளைகளுக்கு முதலில் பல்லில் காவி ஏறும், மிஞ்சினால் எலும்பைப் பிடிக்கும். கொதிக்க வைத்தாலும் போகாது. என் யோசனை என்னவென்றால், செயற்கைக்கோள் படத்தில் பாறை வெடிப்புகள் நீளநீளக் கோடுகளாகத் தெரியும். கோட்டின் மேல் இருக்கும் ஊர்களில் மழைத் தண்ணீர் சீக்கிரம் உள்ளே இறங்கிக் கலக்கும். ஆகவே அங்கே ஃப்ளோரைடு குறைவாக இருக்கும். அது சரியென்றால், மேலிருந்து பார்த்தே எந்த ஊர்த் தண்ணீர் நல்லது என்று சொல்லிவிடலாம். நிரூபிக்க, ஊர் ஊராகப் போய்த் தண்ணீர் பிடித்து வந்து லேபில் கொடுத்து, வருகிற அளவைப் படத்தோடு பொருத்திப் பார்க்க வேண்டும்.

இருக்கிற கோடுகளிலேயே நீளமான கோடு, இண்டூர் தாண்டி உள்ளே தள்ளி இருக்கும் ஒரு சின்ன ஊரின் நடுவில் போனது. ஊர்ப் பேரை எழுத மாட்டேன். வரைபடத்தில் ஒருமுறை எழுதித் தொலைத்ததே போதும்.

அண்ணனின் ஸ்கூட்டியை வாங்கிக்கொண்டு நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். ஊருக்கே குடிக்கத் தண்ணீர் தருவது பஞ்சாயத்து போர்வெல். கரண்டு இல்லை, மோட்டார் ஓடவில்லை, மேலே டேங்கும் காலி. எனக்கு இன்னும் மூன்று ஊர் பாக்கி இருந்தது. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

டேங்குக்கு எதிர் வீட்டு வாசலில் ஒரு அக்கா உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். "இந்த வெயில்ல வந்திருக்கியே கண்ணு, உள்ள வா" என்று கூப்பிட்டார். வீட்டு மூலையில் இரண்டு குடங்கள்: மூடி போட்ட ஒரு எவர்சில்வர் குடம், மூடாத ஒரு நீல பிளாஸ்டிக் குடம். எவர்சில்வர் குடத்திலிருந்து ஒரு சொம்பு மொண்டு கொடுத்தார். தண்ணீர் இனித்தது. கோட்டின் மேல் இருக்கும் ஊரல்லவா, இனிக்காமல் என்ன என்று நினைத்துக்கொண்டேன்.

அவருடைய மகளுக்கு எட்டு வயது. என் ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு சிரித்தாள். சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொண்டாள். ஹெல்மெட் சரிந்து கை விலகியபோது பார்த்தேன், முன்பற்கள் துருப்பிடித்த நிறத்தில் இருந்தன. களக் குறிப்பு நோட்டில் எழுதினேன்: பல் கறை, ஒரு சிறுமி.

பிறகு பாட்டிலை அக்காவிடம் நீட்டினேன். லேபிளில் ஊர்ப் பேரும் என் செல் நம்பரும் இருந்தன.

"அக்கா, இதுல தண்ணி புடிச்சு சாயங்கால டவுன் பஸ் கண்டக்டர்கிட்ட குடுத்துடுறீங்களா? தர்மபுரி பஸ் ஸ்டாண்டுல நான் வாங்கிக்கிறேன்."

"எந்தத் தண்ணி கண்ணு?"

நான் அதற்குள் வண்டியைக் கிளப்பிவிட்டேன். "குடிக்கிற தண்ணிதாங்க்கா."

"குடிக்கவா?"

"ஆமாங்க்கா, குடிக்கிறதுதான்."

"அதுக்கென்ன, அனுப்பறேன். நீ பாத்துப் போ."

பாட்டில் சொன்னபடி வந்தது. லேப் முடிவும் வந்தது. ஃப்ளோரைடு வரம்புக்கு எவ்வளவோ கீழே. கம்ப்யூட்டரில் அந்த அளவை ஏற்றியதும், சுற்றிலும் சிவப்பாகக் கிடந்த இடத்தின் நடுவே, சரியாகக் கோட்டின் மேலேயே, ஒரு பச்சை வட்டம் விரிந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மற்ற ஊர்களின் அளவெல்லாம் முன்னே பின்னே இருந்தது. இந்த ஒரு புள்ளிதான் என் யோசனையைத் தூக்கி நிறுத்தியது.

எங்கள் பேராசிரியை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரையைப் பார்த்தார். "இது ஒண்ணு மட்டும் தனியா நிக்குதே. மறுபடி போயி எடுத்துப் பாத்தியாம்மா?"

விண்ணப்பம் அனுப்ப இரண்டு நாள்தான் இருந்தது. அந்தக் குழந்தையின் பல் எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. வரவில்லை என்று இப்போது எழுதினால் அது இன்னொரு பொய்.

"எடுத்தேன் மேடம். அதேதான் வந்துச்சு."

அவர் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவர் என்னை நம்பினார், அவ்வளவுதான். நான் ஹாஸ்டலுக்குப் போய் நோட்டை எடுத்து, பல் கறை என்ற வரியைப் பேனாவால் அடித்தேன். வேறு ஊரிலிருந்து பிழைக்க வந்த குடும்பமாக இருக்கும், அங்கே குடித்த தண்ணீராக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நமக்கு வேண்டியதை நம்புவதற்கு இந்த மனசு எத்தனை சுறுசுறுப்பாக வேலை செய்கிறது, அடடா!

விருது கிடைத்தது. சென்னையில் பெரிய அரங்கம், சால்வை, கேடயம், கைதட்டல். பேப்பரில் என் போட்டோவையும் பக்கத்தில் வரைபடத்தையும் போட்டார்கள். அம்மா தெரு முழுக்க லட்டு கொடுத்தாள். அந்தக் கேடயத்தைக் காட்டித்தான் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர் வேலையும் வாங்கினேன். ஒரு அரசு அலுவலகத்திலிருந்து வரைபடத்தைக் கேட்டார்கள். எதற்கு என்று கேட்கக்கூடத் தோன்றாமல் அன்றைக்கே மெயிலில் அனுப்பி வைத்தேன்.

மூன்று வருஷம் கழித்து ஒரு போன் வந்தது.

"கண்ணு, நாந்தான் பேசறேன். புளி தட்டிட்டு இருந்தனே, பாட்டிலு குடுத்துட்டுப் போனியே. அன்னிக்கே உன் நம்பரைப் பாப்பா செவுத்துல எழுதி வெச்சிருந்தா."

"சொல்லுங்க்கா."

"சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் தண்ணி சுத்தம் பண்ற மெசினு வெச்சிட்டாங்க. எங்க ஊருக்கு மட்டும் இல்லையாம். கேட்டா, உங்க ஊரு மேப்புல பச்சையா இருக்குது, நல்ல தண்ணின்னு ஒரு புள்ள கண்டுபுடிச்சு அவார்டே வாங்கியிருக்குதுங்கறாங்க. அந்தப் புள்ள நீதான? வந்து ஒரு வார்த்தை சொல்லேன் கண்ணு."

மறுநாளே போனேன்.

அதே வாசல், அதே உபசாரம். எவர்சில்வர் குடத்திலிருந்து ஒரு சொம்பு தண்ணீர். வாய்க்குக் கொண்டுபோகாமல் கேட்டேன்.

"இது எங்க புடிச்சதுங்க்கா?"

"எங்க கொழுந்தனாரு தோட்டத்துக் கெணத்துல. ரெண்டு மைலு நடக்கணும். சித்திரை வந்தா அதுவும் வத்திடும். யாராச்சும் வந்தா குடுக்கறதுக்குன்னு ஒரு கொடம் வெச்சிருப்போம். எங்களுக்கு பம்புத் தண்ணிதான்."

"அன்னிக்கு பாட்டில்ல எந்தத் தண்ணி புடிச்சீங்க?"

"நீதான குடிக்கிற தண்ணி கேட்ட? படிக்கிற புள்ள வெயில்ல அலையுது, குடிக்கக் கேக்குதுன்னு, கொடத்துல இருந்ததைக்கூட ஊத்தாம, அந்தக் கெணத்துக்கே போயி புதுசா மொண்டாந்து அனுப்புனேன். எங்க உப்புத் தண்ணியையா உனக்குக் குடுப்பேன்?"

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. அப்போதுதான் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். பதினோரு வயது. முட்டி இரண்டும் ஒன்றோடொன்று இடிக்க, பாதங்கள் விலகி விலகி, சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். டாக்டர் சொன்னதாக அக்கா சொன்னார்: வேறு மருந்து இல்லை, முதலில் தண்ணீரை மாற்றுங்கள், இன்னும் வளர்கிற பிள்ளை, விட்டால் இதைவிட மோசமாகும். தண்ணீரை எங்கே போய் மாற்றுவது? பக்கத்து ஊர் மெசினில் அவர்களுக்கே போதவில்லை என்று விரட்டுகிறார்களாம்.

இந்த முறை மோட்டார் ஓடும்வரை காத்திருந்து, என் கையாலேயே பம்புத் தண்ணீர் பிடித்தேன். லேப் முடிவு வரம்பைத் தாண்டி எங்கேயோ நின்றது. அதை எடுத்துக்கொண்டு, வரைபடத்தைக் கேட்டு வாங்கிய அந்த அலுவலகத்துக்குப் போனேன்.

"மேடம், இது அவார்டு வாங்குன மேப்பு. ஒரே ஒரு பாட்டிலை வெச்சுக்கிட்டுத் தப்புன்னு சொன்னா எப்படிங்க?" என்றார் அங்கே இருந்தவர்.

"அந்த ஊருக்குப் பச்சை அடிச்சதும் ஒரே ஒரு பாட்டிலை வெச்சுத்தான் சார். அடிச்சது நான்தான்."

அவர் சிரித்தார். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ. மனு எழுதிக் கொடுங்கள், அடுத்த பட்டியல் போடும்போது பார்க்கலாம் என்றார். எழுதிக் கொடுத்தேன். அதற்கப்புறம் நாலு தடவை எழுதிக் கொடுத்துவிட்டேன். விருது கொடுத்தவர்களுக்கும் நடந்ததை முழுக்க எழுதி, திரும்ப எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அப்படி ஒரு நடைமுறை இல்லை, உங்கள் ஆர்வத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. பேராசிரியைக்குப் போன் செய்து சொன்னேன். "நான் கேட்டேனேம்மா" என்றார், வைத்துவிட்டார். கேடயம் இன்னும் அம்மா வீட்டு ஃபிரிட்ஜ் மேல்தான் இருக்கிறது. இதை எழுதும் வரை மெசின் வரவில்லை.

லேப் முடிவை அக்காவிடம் போனில் சொன்னபோது என் பொய்யை மட்டும் சொல்லவில்லை. பாட்டில் மாறிப்போச்சு என்று பொதுப்படையாகச் சொல்லி வைத்தேன். அது என்ன வேலை செய்தது என்பது போன மாதம் நேரில் போனபோதுதான் தெரிந்தது. அக்கா பாதியாக இளைத்திருந்தார்.

"ஊரே என்னைத்தான் பேசுது கண்ணு. எவளோ ஒரு புள்ளைக்கு நல்ல தண்ணி குடுக்கப் போயி ஊருத் தண்ணியைக் கெடுத்தவன்னு. எம் புருசனும் அதான் சொல்லுது. கெட்ட தண்ணியையே குடுத்திருந்தா மெசினு வந்திருக்கும் இல்ல? எம் புள்ள காலை நானே முறிச்சுட்டனே." பேசிக்கொண்டே நெஞ்சில் அடித்துக்கொண்டார். மகள் அவர் கையைப் பிடித்து நிறுத்தப் பார்த்தாள்.

என்னால் தாங்க முடியவில்லை.

"உங்க மேல ஒரு தப்பும் இல்லீங்க்கா. மறுபடி போயி எடுத்தியான்னு எங்க மேடம் என்னைக் கேட்டாங்க. போகாமயே போனேன்னு பொய் சொன்னேன். அவார்டுக்காகச் சொன்னேன். போயிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். பாப்பா பல்லைக்கூட மொதல் நாளே பாத்தேன். நோட்டுல எழுதி, நானே அடிச்சுட்டேன்."

அடித்துக்கொண்டிருந்த கை நின்றது. "பாத்தியா?"

"பாத்தேங்க்கா."

அவர் திட்டுவார், விளக்குமாற்றை எடுப்பார் என்று நினைத்தேன். எடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் மகள் பக்கம் திரும்பினார்.

"பாப்பா, அவங்களுக்குத் தண்ணி கொண்டாந்து குடு."

அதுவரை அவர் வாயில் நான் கண்ணு. அந்தப் பெண் முட்டி இடிக்க மூலைக்குப் போனாள். எவர்சில்வர் குடத்தின் மூடியை எடுத்தாள்.

"அது இல்ல," என்றார் அக்கா. "நாம குடிக்கிறது."

அவள் அம்மாவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, நீலக் குடத்தில் மொண்டு வந்து என் கையில் கொடுத்தாள். உப்புக் கரித்தது. இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொம்பைக் கீழே வைக்காமல் முழுவதையும் குடித்தேன்.