மெத்தைக்குள் ஒரு குடும்பம்

எங்கள் ஆஸ்பத்திரியில் பஞ்சக்காவைத் தெரியாதவர்கள் கிடையாது. பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். கடைத்தெருவில் மெத்தை தைத்து விற்றவர். புருவத்தில்கூடப் பஞ்சு ஒட்டியிருக்கும், ஆனால் வாய் மட்டும் ஊசி. "செருப்புக் காலோட மெத்தை மேல சாயாதீங்க, கிழிஞ்சா தைக்கறவ நான்" என்று பெரிய டாக்டரையே அதட்டியவர்.

போர் நகரத்துக்குள் வந்த வாரம் மந்திரியைச் சுட்டுக் கொன்றார்கள். அவர் வீட்டு மெத்தைகளெல்லாம் அக்கா தைத்தவை. அந்தப் பழக்கத்தில் மந்திரியின் மனைவி இரண்டு பெட்டிகளோடு கடைக்கு வந்தார். நகையோ என்று அக்கா கடைக் கதவைச் சாத்தினார். திறந்தால் அத்தனையும் காகிதம். மந்திரி வெளியூர் போகும்போதெல்லாம் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள், அவருடைய டைரிகள், பிள்ளைகள் சிறுவயதில் வரைந்த படங்கள்.

"வீட்டைக் கொளுத்தப் போறாங்கன்னு பேச்சு. இதுவும் போயிட்டா அவர் இருந்ததுக்கே அடையாளம் இல்லாமப் போயிடும்" என்று அழுதார் அந்த அம்மாள்.

வெளியூரில் நிறைமாதமாக இருந்த மகளிடம் போக அக்கா மூட்டை கட்டி வைத்திருந்த நேரம் அது. "நீங்க திரும்பி வாங்கம்மா. உங்க கையில ஒப்படைச்சிட்டுத்தான் மக வீட்டுக்குப் போவேன்" என்று சொல்லிவிட்டார். எனக்கு இன்றும் ஆறாத கோபம் இந்த இடத்தில்தான். யாரோ வீட்டுக் கடுதாசிக்காகப் பெற்ற மகளைக் காத்திருக்க வைப்பார்களா? அக்கா வைத்தார்.

காகிதங்களை மெழுகுத்துணியில் பரப்பி, அந்துருண்டை போட்டு, மேலும் கீழும் கனமாகப் பஞ்சு வைத்து ஒரே மெத்தையாகத் தைத்தார். சோதனைக்கு வந்த சிப்பாய்கள் அதன் மேலேயே உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார்களாம். அடுத்த வாரம் ஆஸ்பத்திரி லாரி வந்து கடையிலிருந்த மெத்தைகளை ஒன்று விடாமல் அள்ளிக்கொண்டு போனது. அக்காவும் லாரியில் தொற்றிக்கொண்டார். கிழிசல் தைக்க ஆள் வேண்டும்தானே என்று அவரே ஒரு வேலையை உண்டாக்கிக்கொண்டார். அப்படித்தான் நான் நர்ஸாக இருந்த வார்டுக்கு வந்து சேர்ந்தார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வார்டே தூங்கும். ஜன்னலோரக் கட்டிலில் கால் முறிந்த லாரி டிரைவர் ஒருவர் படுத்திருந்தார். தூக்கத்தில், "மழை உள்ள வருது, ஜன்னலச் சாத்து சண்டி" என்றார். வெளியே கொளுத்தும் வெயில். விழித்ததும் கண்ணாடியைக் காணோம் என்று தலையணைக்கடியில் தேடினார். அவர் கண்ணாடி போடுகிறவரே இல்லை. அவர் போனபின் அந்தக் கட்டிலுக்கு ஒரு சமையல்காரர் வந்தார். அவரும் அதே நிதானமான குரலில் சண்டியைக் கூப்பிட்டார், கண்ணாடியைத் தேடினார். அன்றிலிருந்து அந்தக் கட்டிலை விட்டு என் கண் நகரவில்லை.

மூன்றாவதாக வந்தவன் எதிரிப் படையின் கைதி. நம் பாஷையில் தண்ணீர் என்று கேட்கக்கூடத் தெரியாதவன். படுத்த அன்றைக்கே, "சண்டி, கோவமா? வர்ற வாரம் வந்துடறேன்" என்றான், நம்மில் ஒருவர் பேசுவதுபோல. நான் அக்காவைத் துணி அறைக்கு இழுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னார்: அந்தக் கட்டிலில் கிடப்பது காகிதம் வைத்துத் தைத்த மெத்தை, கடிதங்களில் மந்திரி தன் மனைவியைக் கூப்பிடும் செல்லப் பெயர் சண்டி.

"எரிச்சிடுங்கக்கா. கண்டுபிடிச்சா உங்களையும் சேத்துச் சுடுவாங்க."

"ஏம்மா, மனுஷன் பொண்டாட்டியத்தானே கூப்பிடறாரு? கூப்பிட்டுட்டுப் போகட்டும். அந்தம்மா வரட்டும், குடுத்துட்டுக் கிளம்பிடறேன்."

போர் ஒருவழியாக முடிந்தது. ஒரு மத்தியானம் மந்திரியின் மனைவி வார்டுக்கு வந்தார். அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. மகளுக்குக் குழந்தை பிறந்த சேதி வந்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. கைதியை எழுப்பிவிட்டுத் தையலைப் பிரிக்கக் கத்தரிக்கோலோடு போனார். அதற்குள் அவன் தூக்கத்திலேயே, "சண்டி, இளைச்சுட்டியே" என்றான்.

அந்த அம்மாள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "பிரிக்காதீங்க. தெச்சது தெச்சபடியே இருக்கட்டும்."

மெத்தை அப்படியே அவர் வீட்டுக்குப் போனது. கைதி அவன் நாட்டுக்குப் போனான். அக்கா மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தபோது அந்த அம்மாள் மறுபடியும் வந்து நின்றார், கண்ணெல்லாம் வீங்கி.

"நானே படுத்துப் பாத்துட்டேன். தூங்கினா எனக்கு எப்படிக் கேக்கும்? ஒரே ஒரு மத்தியானம் நீங்க வந்து படுங்களேன்."

"தூங்கறதுக்குக் கூலிக்கு ஆள் கூப்பிடறாங்கடி! இந்த அதிர்ஷ்டம் யாருக்கு வரும்?" என்று என்னிடம் சிரித்துவிட்டுப் போனார் அக்கா.

பிறகு ஆளையே காணவில்லை. மகள் வீட்டுக்குப் போய்விட்டார் என்றே நினைத்திருந்தேன். அந்த மகள் ஒருநாள் இடுப்பில் குழந்தையோடு ஆஸ்பத்திரிக்கு வந்து, "எங்கம்மா எங்க?" என்று கேட்டபோது எனக்குப் பகீரென்றது. அவளை அழைத்துக்கொண்டு மந்திரி வீட்டுக்கு ஓடினேன்.

பாதி எரிந்த வீடு. மிச்சமிருந்த அறையில் அக்கா அந்த மெத்தை மேல் கிடந்தார். அரை ஆளாகியிருந்தார், புருவத்தில் ஒரு துணுக்குப் பஞ்சு இல்லை. பக்கத்து நாற்காலியில் அந்த அம்மாள் தலை வாரி, நல்ல புடவை கட்டி உட்கார்ந்திருந்தார்.

"அம்மா" என்று கூப்பிட்டாள் மகள்.

அக்கா கண்ணைத் திறக்கவில்லை. அவர் வாய் மட்டும் அந்த நிதானமான குரலில் பேசியது. "சண்டி, மெத்தைக்காரம்மாவோட மக வந்திருக்கா பாரு. பாவம், இனியாவது அவங்கள அனுப்பிடேன்."

"அனுப்பிட்டா நீங்க போயிடுவீங்களே" என்றார் அந்த அம்மாள். எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அக்காவின் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டார்.