வடகம் காய்ந்த வருடமும் காயாத வருடமும்

பினாங்கில் மே மாதம் வெயில் மாதம் அல்ல. உச்சி பிளக்கும் வெயிலெல்லாம் பிப்ரவரி, மார்ச்சோடு பெரும்பாலும் முடிந்துவிடும். மே மாதத்தில் சாயங்காலமானால் இடியும் மழையும்தான். ஆனாலும் எங்கள் வீட்டுத் தமிழ் நாட்காட்டியில் அந்த மாதம் பிறந்ததும் ‘அக்கினி நட்சத்திரம் ஆரம்பம்’ என்று சிவப்பு எழுத்தில் போட்டிருக்கும். தமிழ்நாட்டு வெயிலை அப்படியே எடுத்து இங்கே அச்சடித்துவிடுகிறார்கள். நாங்களும் குடையைப் பிடித்துக்கொண்டே, “கத்திரி வெயில் தொடங்கிருச்சி லா” என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம்.

அதை உண்மையாகவே நம்பியவர் என் அத்தை ஒருவர்தான்.

அத்தை அப்பாவுக்கு அக்கா. கல்யாணம் சரிப்பட்டு வராமல் ஒரு பையோடு சுங்கை பினாங்கில் இருந்த எங்கள் பிளாட்டுக்கு வந்தவர். எனக்கும் என் அக்காவுக்கும் உரிய சின்ன அறையில் மூன்றாவது ஆளாகப் படுத்துக்கொண்டார். வந்து ஆறேழு வருடம் ஆகியும், ஃபேனைப் போடுவதற்கு முன் அம்மாவிடம், “போட்டுக்கட்டுமா?” என்று கேட்பார். அம்மா கெட்டவர் அல்ல. “இதெல்லாம் கேக்கணுமா அண்ணி?” என்பார். ஆனாலும் அத்தை கேட்பதை நிறுத்தவில்லை.

அவருடைய தொழில் வடகம். அரிசிக்கூழ் காய்ச்சி, பழைய வேட்டியில் பிழிந்து, எங்கள் பிளாட்டின் மொட்டைமாடியில் காயவைப்பார். காவலாளி சாவி கொடுப்பார். அவருக்கு மாதம் ஒரு பொட்டலம் போய்விடும். பெரிய அளவில் பிழிவதை மட்டும் அத்தை கத்திரி வெயிலுக்கென்று தள்ளிவைப்பார். அவர் அம்மா அப்படித்தான் செய்தாராம். அந்த வடகத்தில் பாதி வருடாவருடம் மழையில் கரைந்துபோகும். அதற்கு நாட்காட்டியை அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது நாட்காட்டி பலித்தது. ஏப்ரலில் மழையே இல்லை. மே பிறந்தும் வரவில்லை. பள்ளியில் திடலுக்குப் போகக்கூடாது என்றார்கள். ஆயர் ஈத்தாம் அணையில் தண்ணீர் இறங்கிவிட்டது என்று பேச்சு. கோயிலில் மழை வேண்டிப் பூசை வைத்தார்கள். அத்தை மட்டும் போகவில்லை. மொட்டைமாடியில் காலையில் பிழிந்தது மறுநாளே கலகலவென்று காய்ந்து கிடந்தது. தீவு முழுக்க வாடி வதங்கியிருந்தபோது அத்தை வாயில் பாட்டு வந்ததை அப்போதுதான் முதல்முதலாகக் கேட்டேன்.

உயர்நிலைப் பள்ளியில் ஐந்தாம் படிவம் படித்த அக்காவுக்கு இது பொறுக்கவில்லை. ஒருநாள் சாப்பிடும்போது ரசக் கிண்ணத்தை இழுத்து வைத்து மேலே ஊதினாள். மிதந்த எண்ணெயும் கொத்தமல்லியும் எதிர் ஓரத்தில் போய் ஒதுங்கின.

“பசிபிக் கடல்ல காத்து எப்பவும் இப்படித்தான் அடிக்கும். மேல இருக்கற சூடான தண்ணியெல்லாம் நம்ம பக்கம் வந்து சேரும். தண்ணி சூடா இருந்தா ஆவி, மேகம், மழை. காத்து ஓஞ்சிருச்சின்னா…” ஊதுவதை நிறுத்தினாள். எண்ணெய் மெல்லப் பரவித் திரும்பியது. “சூட்டுத் தண்ணி தென் அமெரிக்கா பக்கம் நகந்துரும். மழையும் அங்க போயிரும். இந்த வருசம் அதான் நடக்குது. அடுத்த வருசம் காத்து திரும்பிட்டா மழையும் திரும்பிரும் அத்தை.”

“சாப்பாட்டுல ஊதாதே,” என்றார் அத்தை. “எங்கயோ தண்ணி நகருதாம், இங்க என் வடகம் காயுதாம். காலண்டர்ல போட்டிருக்கு, காயுது. அவ்ளோதான் லா.”

நான் அத்தை கட்சி. அக்காவின் பேச்சில் எனக்குப் புரிந்தது ரசம் வீணானது ஒன்றுதான்.

அந்த வடகத்தைத் தின்று பார்த்த சமையல் குத்தகைக்காரர் ஒருவர், தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பிறை என்ற ஊர்க்காரர், அடுத்த ஜூன் மாதக் கல்யாணங்களுக்கு மூட்டைக் கணக்கில் கேட்டார். ஒழுங்காகக் கொடுத்தால் தொழிற்சாலைச் சாப்பாட்டுக்கும் மாதாமாதம் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். அத்தை உடனே ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் பக்கத்தில், ஒரு கடைக்கு மேலே வாடகைக்கு அறை பார்த்துவிட்டார். கடைக்காரச் சீன அம்மா ஜூன் வரை பொறுப்பதாகச் சொன்னார். “தனியா இருந்தா நாலு பேரு என்ன சொல்லுவாங்க?” என்று அப்பா முணுமுணுத்தார். “எனக்குன்னு ஒரு ரூம்பு வேணும் தம்பி,” என்றார் அத்தை. அப்பாவிடம் அவர் எதையும் கேட்டு அதற்குமுன் நான் பார்த்ததில்லை. எனக்குத்தான் அழுகையாக வந்தது. அத்தை இல்லாத அறையை நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை.

மறு வருடம் மார்ச்சில் நல்ல வெயில் அடித்தபோது, “இப்பவே பிழிஞ்சிருங்க அத்தை,” என்று அக்கா கெஞ்சினாள். அத்தை நாட்காட்டியைக் காட்டினார். போன வருடம் பலித்தது இந்த வருடம் பலிக்காதா?

அந்த மே மாதம் ஊதித் தள்ளியதுபோல் மேகம் வந்தது. காலையில் பிழிந்து முடிப்பதற்குள் இருட்டிக்கொள்ளும். வேட்டிகளைச் சுருட்டிக்கொண்டு ஓடிவருவோம். கூடம், அறை, கட்டில் எங்கும் வடகம். வீடே புளித்த வாடை அடித்தது. அம்மா எல்லா ஃபேனையும் தானே போட்டுவிட்டு, அத்தையோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப்போட்டார். கறுப்புப் புள்ளி விழுந்தது விழுந்ததுதான். பிறைக்காரர் கடைப் பாக்கெட்டு வாங்கிக்கொண்டார். சந்தைப் பக்கத்து அறைக்கு வேறு ஆள் வந்துவிட்டது.

மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு மத்தியானம், அத்தை கட்டிவைத்திருந்த பெட்டியைப் பிரித்து, துணிகளை மறுபடி எங்கள் அலமாரியில் அடுக்கினார். அடியிலிருந்து ஒரு புதுப் பூட்டை எடுத்தார். இரண்டு சாவியும் கம்பியில் கட்டியபடியே இருந்தன.

“உன் சைக்கிளுக்கு வச்சுக்கம்மா,” என்று என் கையில் கொடுத்தார்.

பூட்டும் கிடைத்தது, அத்தையும் போகவில்லை. என்னைப்போல் கொடுத்துவைத்தவள் யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். அவரைக் கட்டிப்பிடித்து, “இனிமே எங்கயும் போகமாட்டீங்கதானே அத்தை?” என்று கேட்டேன்.

“எங்க போறது,” என்றார் அத்தை.

அதை அவர் எனக்குக் கொடுத்த வாக்கு என்று எடுத்துக்கொண்டு, சைக்கிளைப் பூட்டிப் பார்க்கக் கீழே ஓடினேன்.