அக்காவின் முகம்

ஹெய்ட்டியின் ஜாக்மெல் ஊரில் திருவிழா ஊர்வலத்துக்குக் காகிதக் கூழில் பெரிய பெரிய முகமூடித் தலைகள் செய்பவள் யோலெத். படகேறிப் போய்த் திரும்பி வராத தன் அக்காவின் முகத்தை அந்த ஆண்டு செய்ய நினைத்தாள். கரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கண்கலங்கி நின்ற முகம் அது. கண்ணை மூடினால் அப்படியே தெரிந்தது. ஆனால் கூழ் காய்ந்து, வண்ணம் பூசி முடித்தபோது வெறும் சிரிப்புதான் மிஞ்சியது.

பக்கத்துப் பட்டறை அன்செல்ம் வாயைப் பிளந்தார். "அடேயப்பா, இந்த வருசம் பரிசு உனக்குத்தான்."

"இது எங்கக்கா இல்லண்ணே. ஏதோ பற்பசை விளம்பரத்துல வர்றவ."

"ஊருக்கு அது தெரியவா போகுது?"

"எனக்குத் தெரியுதே."

சொன்ன கையோடு அந்தக் கூழ்த்தலையைத் தூக்கித் தொட்டித் தண்ணீரில் அமுக்கினாள். அவர் தடுக்க வருவதற்குள் மூக்கு கரைந்துவிட்டது. அதே கூழைப் பிசைந்து மறுபடி தொடங்கினாள்.

திருவிழா வந்தது. புது முகத்தில் இடது கண் மட்டும் கொஞ்சம் கலங்கியிருந்தது. வலது கண் அவள் சொன்ன பேச்சைக் கேட்கவே இல்லை.

"இதையும் கரைச்சிடப் போறியா?" என்று தயங்கிக் கேட்டார் அன்செல்ம்.

"இல்லண்ணே. பாதி வந்துட்டா. மீதி வர்ற வரைக்கும் அவளப் பூட்டி வைக்க முடியாது."

தலையை மாட்டிக்கொண்டு ஊர்வலத்தின் முன்வரிசைக்குப் போனாள். மேடையிலிருந்த நடுவர் ஒருவர், "சிரிக்கிறாளா, அழறாளா, ஒண்ணும் புரியலையே" என்றார்.

"அவளுக்கே புரியல" என்று உள்ளிருந்து கத்திவிட்டு யோலெத் ஆடத் தொடங்கினாள்.

பரிசு வேறு யாருக்கோ போனது. மறுநாள் காலையில் அவள் தொட்டியில் புதுக் காகிதம் ஊறப்போட்டாள்.